சுற்றுலாப் பயணியின் வாடகை ஆட்டோ உங்கள் காரில் மோதினால்: கொழும்பில் வாகனம் ஓட்டத் தொடங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை நோக்கி மரைன் டிரைவில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே வந்த முச்சக்கரவண்டி ஒன்று ஒழுங்கைக்குள் திரும்புவதற்காகத் தயங்கி நின்றது. நான் ஹெட்லைட்டை இரண்டு முறை மினுக்கினேன். கொழும்பில் அதற்கு ‘நான் வருகிறேன், நில்’ என்று பொருள். அந்த வண்டியை ஓட்டிய இளைஞரின் நாட்டில் அதற்கு ‘நீங்கள் முதலில் போங்கள்’ என்று பொருளாம். கையை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டு, சிரித்தபடியே என் காரின் குறுக்கே திரும்பினார்.

யாருக்கும் காயமில்லை. என் காரின் பம்பர், வலது ஹெட்லைட், மட்கார்ட் மூன்றும் போயின. அவர் நல்ல பிள்ளை. பத்து முறை மன்னிப்புக் கேட்டார், வட்ஸ்அப் எண் தந்தார். பின்னால் இருந்த பெண்பிள்ளை அழத் தொடங்கிவிட்டது. நான் இரங்கி அனுப்பிவைத்தேன். செவ்வாய்க்கிழமை நான் அனுப்பிய செய்திக்கு ஒற்றைச் சரிக்குறியோடு சரி. அவர் விமானம் ஏறிவிட்டார். கராஜ்காரர் எழுதித் தந்த மதிப்பீடு 86,500 ரூபா. அதில் 52,000 ரூபாவைத் திரும்பப் பெற எனக்கு நான்கு மாதம் பிடித்தது. அந்த நான்கு மாதமும் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வரவேண்டிய பணம் அந்தப் பயணியிடமிருந்து வரப்போவதில்லை. வண்டியின் உரிமையாளரிடமிருந்தோ காப்புறுதி நிறுவனத்திடமிருந்தோதான் வரும். ஆனால் அதற்குத் தேவையான தாள்கள் எல்லாம் பயணியின் பையில் இருக்கின்றன. அவர் நாட்டில் இருக்கப்போவது சில நாட்கள். அதனால் அவசரம் முழுவதும் முதல் அரைமணி நேரத்தில்தான்.

1. மோதுவதற்கு முன்பே அடையாளம் காணுங்கள்

வாடகைக்கு எடுத்த முச்சக்கரவண்டியைத் தூரத்திலேயே கண்டுபிடிக்கலாம். மீட்டர் இருக்காது, கூரைமேல் பைகள் கட்டியிருக்கும், பின்புறம் வாடகை நிறுவனத்தின் தொலைபேசி எண் ஒட்டியிருக்கும். ஸ்கூட்டர் என்றால் கைபிடியில் வரைபடம் காட்டும் கைபேசியும், அளவு பொருந்தாத தலைக்கவசமும்.

இவர்களுக்கு ஹோர்ன் அடிப்பதில் அர்த்தமில்லை. நமக்கு ஹோர்ன் என்பது ‘பக்கத்தில் இருக்கிறேன்’ என்ற அறிவிப்பு. அவர்களுக்கு அது ஏச்சு. திடுக்கிட்டு நடுவீதியில் பிரேக் பிடிப்பார்கள், பின்னால் போகிற நீங்கள்தான் போய் இடிப்பீர்கள். ஹெட்லைட் மினுக்குவதை அறவே விடுங்கள். அதற்கு நான் கொடுத்த விலையை மேலே சொல்லிவிட்டேன்.

வலப்பக்கம் ஓட்டும் நாடுகளிலிருந்து வருபவர்கள் நெரிசலில் அதிகம் தவறமாட்டார்கள். முன்னால் போகிற பஸ்ஸைப் பின்தொடர்ந்தால் போதும். வெறுமையான வீதிதான் ஆபத்து. அதிகாலையில் ஒழுங்கையிலிருந்து வெளியே வரும்போது பழக்கதோஷத்தில் வலப்பக்கமாக ஏறிவிடுவார்கள். சுற்றுவட்டத்தில் வலப்பக்கம் பார்ப்பதற்குப் பதிலாக இடப்பக்கம் பார்ப்பார்கள். கொள்ளுப்பிட்டிக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையில் காலி வீதியும் டூப்ளிகேஷன் வீதியும் ஒருவழிப் பாதைகள். அவற்றிலிருந்து குறுக்கு வீதிக்குத் திரும்பும் இடங்களில் கவனமாக இருங்கள். வெயில் காயும்போது முன்னால் போகிற காரின் வைப்பர் ஆடினால், மழை வரப்போகிறது என்று நினைக்காதீர்கள். நம் நாட்டு ஜப்பானியக் கார்களில் சிக்னல் தண்டு வலக்கைப் பக்கம் இருக்கிறது. பயணி பழக்கதோஷத்தில் இடக்கைப் பக்கத்துத் தண்டை, அதாவது வைப்பரை, தட்டியிருக்கிறார். அவர் எங்கோ திரும்ப விரும்புகிறார்.

2. மோதியபின் முதல் பத்து நிமிடம்

காயம் இருந்தால் வேறு எதையும் யோசிக்காதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், பொலிஸுக்கு 119. பொலிஸார் வரும்வரை வாகனங்களை அசைக்கக் கூடாது.

காயமில்லை என்றால் வண்டிகளை ஒதுக்குவதற்கு முன் படம் எடுங்கள். பெரும்பாலானோர் உடைந்த பம்பரை மட்டும் பத்துக் கோணத்தில் எடுக்கிறார்கள், நானும் அப்படித்தான். அது போதாது. இரண்டு வண்டிகளும் வீதியின் நடுக்கோடும் ஒரே படத்தில் வர வேண்டும். வண்டி இலக்கத் தகடு, முன்கண்ணாடியில் ஒட்டிய வருமான அனுமதிப்பத்திரம், பின்புறமுள்ள வாடகை நிறுவனத்தின் எண், சாரதி இருக்கையில் இருப்பவரின் முகம் எல்லாம் வேண்டும். கடைசியாகச் சொன்னது முக்கியம். ஓட்டியவருக்கு அனுமதிப்பத்திரம் இல்லாவிட்டால், பத்து நிமிடத்தில் ‘ஓட்டியது என் நண்பர்’ என்று கதை மாறும்.

இதற்குள் கூட்டம் சேர்ந்திருக்கும். ஒருவர் ‘பாவம், வெள்ளைக்காரப் பிள்ளைகள், விடுங்கள்’ என்பார். இன்னொருவர் ‘டொலர் இருக்கும், விடாதீர்கள்’ என்பார். இருவருக்கும் நன்றி சொல்லுங்கள். சம்பவத்தைக் கண்ணால் கண்ட ஒருவரின் பெயரையும் எண்ணையும் மட்டும் வாங்குங்கள். அதிகாலையில் கடற்கரையில் நடைப்பயிற்சி போகும் ஓய்வுபெற்றவர்கள் மிக நல்ல சாட்சிகள். அவர்களுக்கு நேரமும் இருக்கிறது, எல்லாவற்றையும் கவனிக்கும் வழக்கமும் இருக்கிறது.

3. பயணியிடம் பார்க்க வேண்டிய ஆவணங்கள்

இதில்தான் நான் முழுதாகக் கோட்டைவிட்டேன். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அவருடைய நாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரம் ஒன்றை மட்டும் நீட்டினால் அது இங்கே செல்லாது. சாம்பல் நிற அட்டைப் புத்தகமான சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தாலும், அதற்கு இலங்கையில் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். அதைக் காலிமுகத்திடலுக்குப் பக்கத்தில் உள்ள ஆட்டோமொபைல் சங்கத்தில் பெறுவார்கள். 2025 ஆகஸ்டிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் வெளிநாட்டவருக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. இந்த இரண்டில் ஒன்றைக் கேளுங்கள்.

புத்தகம் இருக்கிறது என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள், உள்ளே திறந்து பாருங்கள். 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்படும் புத்தகத்தில் ‘ஏ’ என்ற கட்டத்துக்கு நேரே முத்திரை இருந்தால்தான் மோட்டார் சைக்கிள். ‘பி’ என்பது கார். காருக்கு மட்டும் முத்திரை குத்திய புத்தகத்தை வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டுபவர்கள் ஏராளம். முச்சக்கரவண்டி நம் நாட்டில் ‘பி1’ என்ற தனி வகுப்பு. கார் ஓட்டத் தெரியும் என்பதால் அதை ஓட்டிவிட முடியாது. அந்தப் புத்தகம் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், சொந்த நாட்டு அனுமதிப்பத்திரமும் கூடவே இருக்க வேண்டும்.

இதையெல்லாம் நீங்கள் ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் இல்லாதவர் ஓட்டினால், வண்டியின் காப்புறுதி நிறுவனம் உங்கள் வாகனச் சேதத்துக்குப் பணம் தர மறுக்க இடமுண்டு. அப்படியானால் நீங்கள் உரிமையாளரைத்தான் பிடிக்க வேண்டும். யாரிடம் போவது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டால் இரண்டு மாதம் மிச்சம்.

படம் எடுத்துக்கொள்ள வேண்டியவை: கடவுச்சீட்டின் முகப் பக்கம், நாட்டுக்குள் நுழைந்த முத்திரை, அனுமதிப்பத்திரம், வண்டியின் காப்புறுதி அட்டை, வாடகை ஒப்பந்தம். தங்கியிருக்கும் விடுதியின் பெயரையும் திரும்பிப் போகும் திகதியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். திகதியைச் சும்மா பேச்சுவாக்கில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அதட்டிக் கேட்டால் சொல்லமாட்டார்கள்.

கடவுச்சீட்டைப் பறித்து வைத்துக்கொள்ளாதீர்கள். கூட்டத்தில் யாராவது கட்டாயம் அந்த யோசனையைச் சொல்வார்கள். அதைச் செய்த நிமிடத்திலிருந்து முறைப்பாடு உங்கள்மேல் திரும்பும்.

4. நின்ற இடத்திலிருந்தே காப்புறுதிக்கு அழையுங்கள்

உங்களிடம் முழுமையான காப்புறுதி இருந்தால், தவறு யாருடையதாக இருந்தாலும் உங்கள் நிறுவனத்தை அந்த இடத்திலிருந்தே அழையுங்கள். மோட்டார் சைக்கிளில் ஒரு மதிப்பீட்டாளர் வந்து படம் எடுத்து, இரு தரப்பு விபரங்களையும் எழுதுவார். அவர் எழுதுவதுதான் பின்னால் உங்கள் வேதவாக்கு. நான் வீட்டுக்குப் போய்த் தேநீர் குடித்துவிட்டு மறுநாள் அழைத்தேன். ‘ஏன் சேர் அங்கிருந்தே சொல்லவில்லை?’ என்ற கேள்வியை அதன்பிறகு ஆறு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள்.

மற்றவருடைய வண்டியின் காப்புறுதி நிறுவனத்துக்கும் அழைக்கச் சொல்லுங்கள். பயணிக்கு அந்த எண் தெரியாது. காப்புறுதி அட்டையில் இருக்கும். நீங்களே அழைத்து வண்டி இலக்கத்தைச் சொன்னாலும் பதிவுசெய்வார்கள்.

உங்கள் காப்புறுதியில் பணம் எடுத்தால், இதுவரை சேர்த்த கோரிக்கையின்மைக் கழிவு (நட்டஈடு கேட்காத வருடங்களுக்காகக் கட்டணத்தில் தரும் தள்ளுபடி) குறையக்கூடும். கழிவு எவ்வளவு, குறைந்தால் அடுத்த இரண்டு மூன்று வருடக் கட்டணம் எவ்வளவு ஏறும் என்று தொலைபேசியில் கேட்டு, கராஜ் மதிப்பீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முப்பதாயிரம் ரூபா வேலைக்கு இதைத் தொடுவது பல சமயம் நட்டம்.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி பற்றி ஒரு பொதுவான மயக்கம் இருக்கிறது. சட்டம் கட்டாயமாகக் கேட்பது பிறருடைய உயிருக்கும் உடலுக்கும் ஏற்படும் சேதத்துக்கான பாதுகாப்பு. உங்கள் பம்பருக்கு அதில் எவ்வளவு கிடைக்கும் என்பது அந்த வண்டியின் பத்திரத்தில் எழுதிய வரம்பைப் பொறுத்தது. இன்னொரு பொறி: சொந்தப் பாவனைக்கு என்று காப்புறுதி செய்த வண்டியை வாடகைக்கு விட்டிருப்பார்கள். அப்போதும் நிறுவனம் கையை விரிக்கலாம்.

அந்த இடத்தில் டொலரை நீட்டினால் வாங்காதீர்கள். உடைந்த பம்பருக்குப் பின்னால் என்ன உடைந்திருக்கிறது என்பது கராஜில் கழற்றினால்தான் தெரியும். வாங்கிய பணம் ‘பேசித் தீர்த்துவிட்டார்கள்’ என்பதற்குச் சாட்சியாகிவிடும்.

5. பொலிஸ் முறைப்பாடு: அன்றைக்கே

24 மணி நேரத்துக்குள் போங்கள், அதிலும் முடிந்தால் இருவரும் ஒன்றாக. சாரதி அனுமதிப்பத்திரம், தேசிய அடையாள அட்டை, காப்புறுதி அட்டை, வருமான அனுமதிப்பத்திரம் நான்கின் மூலப் பிரதியும் நகலும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் நகல் எடுக்கக் கடை திறந்திருக்காது. கார்ப் பெட்டியில் ஒரு தொகுதி எப்போதும் வைத்திருங்கள்.

முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்க அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தருகிறது. தமிழ் எழுதும் அலுவலர் அந்த நேரத்தில் கடமையில் இல்லை என்றால் காத்திருங்கள், அல்லது பிறகு வருகிறேன் என்று நேரம் கேளுங்கள். சிங்களத்தில் எழுதினால் முழுதும் வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள். என்னுடைய முறைப்பாட்டில் நான் வந்த திசையும் அவர் வந்த திசையும் இடம் மாறியிருந்தன. வாசித்துக் காட்டச் சொன்னதால் அங்கேயே திருத்த முடிந்தது. இல்லாவிட்டால் குற்றவாளி நானாக இருந்திருப்பேன்.

முறைப்பாட்டு இலக்கம், திகதி, எழுதியவரின் பதவி எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சான்றுப்படுத்திய பிரதி பிறகு கிடைக்கும். அதைக் கேட்டே காப்புறுதிக்காரர்கள் உங்களை அலைக்கழிப்பார்கள் என்பதால் அன்றைக்கே விண்ணப்பியுங்கள்.

பயணி தவறை ஒப்புக்கொண்டு நீதவான் நீதிமன்றத்தில் அபராதம் கட்டினால் வழக்கு முடிந்தது என்று மகிழ்ந்துவிட வேண்டாம். அபராதம் அரசாங்கத்துக்கு. உங்கள் ஹெட்லைட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அவர் தவறை ஒப்புக்கொண்ட பதிவு உங்கள் நட்டஈட்டுக் கோரிக்கைக்குக் கைகொடுக்கும். ஆகவே வழக்கு இலக்கத்தை விடாதீர்கள்.

பயணி முரண்டு பிடித்தால் அல்லது மொழி புரியவில்லை என்றால் 1912 என்ற சுற்றுலா அதிகாரசபை எண்ணுக்கு அழைக்கலாம். அது அவர்களுக்கு உதவுவதற்கான எண்தான். ஆனாலும் அந்த எண்ணை எடுக்கும்போதே பேச்சின் தொனி மாறுவதைக் கண்டிருக்கிறேன்.

6. வண்டி திரும்பிப் போவதற்கு முன் உரிமையாளரைப் பிடியுங்கள்

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வாடகைக்கு விடுபவர்கள் பயணியிடம் முற்பணம் ஒன்றை வாங்கி வைத்திருப்பார்கள். வண்டியைத் திரும்பக் கொடுக்கும்போது அதைக் கொடுத்துவிடுவார்கள். அதற்கு முன் உங்கள் முறைப்பாட்டு இலக்கத்தோடு உரிமையாளருக்கு ஒரு செய்தி போனால் முற்பணத்தை அவர் நிறுத்தி வைப்பார்; அவருக்கும் அது பாதுகாப்பு. நான் அழைத்தது நான்காம் நாள். முற்பணம் திரும்பிப்போனது மூன்றாம் நாள்.

‘எங்களுக்குப் பொறுப்பில்லை, பயணி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்’ என்ற பதில்தான் முதலில் வரும். அது அவர்கள் இருவருக்கும் இடையிலான தாள்; அதில் உங்கள் கையெழுத்து இல்லை. வாய்ச்சண்டையில் இறங்காமல், எழுத்தில் கேளுங்கள்: வண்டியின் காப்புறுதி நிறுவனம் எது, பத்திர இலக்கம் என்ன, ஓட்டியவரின் அனுமதிப்பத்திர நகல் எங்கே. அனுமதிப்பத்திரம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தவருக்கு மூன்றாவது கேள்விதான் வயிற்றைக் கலக்கும்.

பின்புறத்தில் எண் எதுவும் ஒட்டியிருக்கவில்லை என்றால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையச் சேவையில் வாகன இலக்கத்தைக் கொடுத்து அடிப்படை விபரங்களைப் பெறலாம். லீசிங்கில் எடுத்த வண்டி என்றால் அங்கே நிதி நிறுவனத்தின் பெயர் வரும். குழம்ப வேண்டாம், முறைப்பாடு பதிந்த பொலிஸார் ஊடாகப் பதிவு உரிமையாளரை அணுகலாம்.

இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் சட்டத்தரணி மூலம் ஒரு கோரிக்கைக் கடிதம், பதிவுத் தபாலில். எனக்கு அதற்கு 7,500 ரூபா ஆனது. மூன்று மாதத் தொலைபேசி அழைப்புகள் செய்யாததை அந்த ஒற்றைத் தாள் ஒரு வாரத்தில் செய்தது. நட்டஈட்டு வழக்குத் தொடுக்கச் சட்டம் தரும் காலம் இரண்டு ஆண்டு. அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது, ஆனால் கடிதத்தில் அதைக் குறிப்பிடுவது நல்லது.

7. மோதியது ‘எல்’ போர்ட் என்றால்

இது வேறு கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். பயிலுநர் ஓட்டும்போது பக்கத்தில் பயிற்றுநர் இருக்க வேண்டும். சாரதிப் பயிற்சிப் பாடசாலை வண்டி என்றால் ஓட்டிய பிள்ளையை விட்டுவிட்டுப் பயிற்றுநரிடம் பேசுங்கள். பயிலுநர் அனுமதிப்பத்திரத்தையும் காப்புறுதி அட்டையையும் படம் எடுங்கள். பாடசாலைக்குப் பெயர் முக்கியம், ஆகவே பெரும்பாலும் விரைவில் தீர்த்துவைப்பார்கள்.

சிக்கல், வீட்டுக் காரில் ‘எல்’ தாளை ஒட்டிக்கொண்டு அப்பா பழக்குகிற இடங்களிலும், அனுமதிப்பத்திரம் கிடைத்து ஒரு வாரமான பிள்ளைகளிடமும்தான். ‘தம்பி, பொலிஸுக்குப் போனால் பிள்ளையின் எதிர்காலம்...’ என்று அப்பா தோளில் கை வைப்பார். நம்மவராக இருந்தால் ஊரையும் கேட்பார். உறவுமுறை ஒன்று வந்துவிடும். உறவு இருக்கட்டும், முறைப்பாடும் இருக்கட்டும். அவர் உண்மையிலேயே பணம் தருவதாக இருந்தால், முறைப்பாட்டுப் புத்தகத்திலேயே இணக்கமாகத் தீர்த்ததாக எழுதிக்கொள்ளலாம்.

8. கராஜ், செலவு, கடைசிக் கையெழுத்து

மதிப்பீட்டாளர் பார்த்து அனுமதி தரும்வரை வேலையைத் தொடங்க விடாதீர்கள். கராஜ் பாஸ் ‘நாளைக்கே முடித்துத் தருகிறேன்’ என்பார். முடிக்கவும் மாட்டார், பழைய பாகங்களையும் எறிந்துவிடுவார். கழற்றிய உடைந்த பாகங்களைக் காப்புறுதிக்காரர்கள் கேட்பார்கள். ஒரு சாக்கில் கட்டி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டில் பாகங்களின் விலை, டிங்கரிங், பெயின்ட் மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். புதிய ஹெட்லைட்டா, பாவித்ததா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். தொகையில் பாதி வெட்டுப்படுவது அந்த ஒரு வரியில்தான்.

என் கணக்கு: மதிப்பீடு 86,500. பாவித்த ஹெட்லைட் போட்டதில் உண்மையில் செலவானது 71,000. சட்டத்தரணிக்கு 7,500, நகல், தபால், முச்சக்கரவண்டிக் கூலி என்று ஏறக்குறைய 4,000. கார் இல்லாமல் இருந்த பதினொரு நாளும் வேலைக்குப் பஸ்ஸில் போனேன். உரிமையாளரிடமிருந்து இரண்டு தவணையில் வந்தது 52,000.

காப்புறுதி நிறுவனம் நியாயமில்லாமல் மறுத்தால், முதலில் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் சொன்ன மறுப்பை வைத்து எங்கும் முறையிட முடியாது. எழுத்தில் வந்தபின், காப்புறுதி நிறுவனங்கள்மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், அதற்குக் கட்டணமில்லை.

பணம் தரும்போது ‘இறுதித் தீர்வு’ என்று தலைப்பிட்ட ஒரு தாளை நீட்டுவார்கள். அதில் கையெழுத்திட்டபின் மேலும் ஒரு சதமும் கேட்க முடியாது. ஆகவே கார் கராஜிலிருந்து வெளியே வந்து, இரவில் ஒருமுறை ஹெட்லைட் போட்டு ஓட்டிப் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள். நான் பகலில் கையெழுத்திட்டுவிட்டேன். என் காரின் வலது விளக்கு இப்போதும் வீதியைப் பார்க்காமல் தென்னை மரத்தைத்தான் பார்க்கிறது.